சேணத்தை விட்டு இறங்காத மாப்பிள்ளை

புன்சக்குக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அவனுக்கு இருந்த வியாதியே அதுதான்.

எங்கள் மாகாணத் தலைநகரில், சந்தைக்குப் பின்பக்கம், டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தான். டயரைப் பற்றி அவன் சொன்னதில் பாதியாவது சரியாக இருக்கும். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் இன்று அவனைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது. ஆனால் குதிரையைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், கையிலிருக்கும் பம்பைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிடுவான்.

"நாம யாரு? மங்கோலியங்க! குதிரை நம்ம ரத்தத்துலயே ஓடுதுய்யா!"

ரத்தத்தில் ரத்தம்தான் ஓடும், கண்ணுகளா. குதிரை தரையில் ஓடும். புன்சக் கடைசியாகக் குதிரைமேல் உட்கார்ந்தது ஆறு வயதில். அதுவும் அப்பனுக்கு முன்னால், மாவு மூட்டையைக் கட்டின மாதிரி. அதற்குப் பிறகு அப்பன் லாரி ஓட்டப் போய்விட்டான், பிள்ளை டயரோடு வளர்ந்தான். இதில் ஒரு குற்றமும் இல்லை. டயரும் சோறு போடுகிறது. தெரியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

அதைத்தான் நம் ஆட்களால் சொல்ல முடியாது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் இங்கே வந்து இறங்கினால் முதல் பேச்சே, "எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிக் குடுங்க" என்பதுதான். கொஞ்ச நாளில் குதிரைக்கும் வலிக்காமல் தனக்கும் வலிக்காமல் நாலு மேடு ஏறி இறங்கிவிடுகிறான். ஒருத்தரும் சிரிப்பதில்லை. ஆனால் நம்மில் பிறந்த ஒருவன், அதுவும் தொப்பை விழுந்த வயதில், "இந்த வயிற்று வாரை எவ்வளவு இறுக்கணும்?" என்று கேட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்துவிடும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நம் ஆள் கேட்க மாட்டான். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது குதிரை.

புன்சக்கின் மனைவி செவெல்மா வேறு மண். குதிரைக்கூட்டத்துக்கு நடுவில் பிறந்தவள். நடக்கப் பழகியதும் சவாரிக்குப் பழகியதும் ஒரே கோடையில். பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டு, மரப்பலகை வேலி அடைத்த முற்றத்துக்குள் பிள்ளைகளை வளர்த்து, அவர்களும் நாட்டின் தலைநகரத்துக்குப் போன பிறகு, ஒருநாள் அண்ணன் யாதமுக்குப் போன் செய்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்று கூட்டத்தில் எப்போதும் ஒரு பங்கு இருக்கும் அல்லவா? அதைக் கேட்டாள். ஒரே ஒரு குதிரை.

அவள் கேட்பதற்காகவே காத்திருந்தவன் போல, புல் தலைகாட்டினதுமே யாதம் கிளம்பிவிட்டான். ஒன்றில் ஏறி, ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, முற்றத்து வாசலில் வந்து நின்றான். பழுப்புக் குதிரை. பரந்த நெற்றி. கண்ணில் ஒரு நிதானம். செவெல்மா அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

புன்சக் பேசினான். "நல்ல ஜாதி மச்சான். பார்த்தாலே தெரியுது. கால பாரு, காத பாரு."

"வாய்ல பல்லும் இருக்கு மாப்ளே. அதையும் பாத்துக்கங்க," என்றான் யாதம்.

போகிறபோது அவன் குதிரையின் பிடரியிலிருந்து ஒரு கொத்து மயிரைப் பிடுங்கித் தன் இடுப்புத் துணியில் செருகிக்கொண்டான். குதிரை போனாலும் அதன் யோகம் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று நாமெல்லாம் செய்வதுதான். பிறகு தன் அப்பாவின் பழைய சேணத்தையும், அதன் அடியில் போடும் தடித்த கம்பளி விரிப்பையும், வியர்வை வழிக்கும் மரத்தகட்டையும் இறக்கி வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இது முதுகுல நகத்தளவு புண் வந்ததுன்னு கேள்விப்பட்டேன்னா, நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். சண்டை கிண்டை போட மாட்டேன். வருவேன், கயித்தப் பிடிப்பேன், போயிடுவேன்."

"மச்சான், யார்கிட்ட சொல்றீங்க? குதிரை நம்ம ரத்தத்துல—"

"உங்ககிட்ட சொல்லல மாப்ளே. என் தங்கச்சிகிட்ட சொல்றேன்."

அந்தப் பேச்சு புன்சக்கின் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

அன்றிலிருந்து செவெல்மாவின் விடியற்காலை வேறு மாதிரி ஆயிற்று. பட்டணம் எழுவதற்கு முன்னால் எழுந்து, முதலில் குதிரையின் முதுகை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்ப்பாள். சூடாக ஏதாவது இடம் இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, தொட்டால் தோலை நடுக்குகிறதா என்று. கம்பளி விரிப்பில் ஒட்டியிருக்கும் முள்ளையும் தூசியையும் தட்டுவாள். குளம்பைத் தூக்கி இடையில் கல் இருந்தால் எடுப்பாள். அப்புறம்தான் சேணம். வாரை இறுக்கி, நாலடி நடத்தி, மறுபடி ஒரு முறை பார்ப்பாள். ஆற்றங்கரை வரைக்கும் நடைதான். அங்கே போய்த்தான் ஓட்டம். குதிரை குலுங்கி ஓடும்போது சேணத்தில் மொத்தென்று உட்காராமல், கால் வைக்கும் அங்கவடியில் எழுந்து நிற்பாள். அவள் எடை குதிரைக்குத் தெரியாது, குதிரையின் குலுக்கல் அவளுக்குத் தெரியாது. கடிவாளம் கையில் சும்மா கிடக்கும். எந்தப் பக்கம் போகவேண்டும் என்று இவள் நினைத்தால் அதன் காது அந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

திரும்பும்போது மறுபடி நடை. வந்ததும் சேணத்தை இறக்கி, மரத்தகட்டால் வியர்வையை வழித்து, நிழலில் தலைக்கயிற்றைக் கட்டிவிடுவாள். மூச்சு அடங்கி உடம்பு ஆறிய பிறகுதான் தண்ணீரும் புல்லும். கூட்டத்தில் பிறந்த பிராணிக்குத் தனிமை ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசி, அவளுடைய பசுவை வேலி ஓரமாகக் கட்ட வைத்தாள். பசுவும் குதிரையும் பலகை இடுக்கு வழியாக மூக்கை உரசிக்கொள்ளும்.

அடுப்பைப் பற்றவைக்கும்போது செவெல்மா பாடுவதைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாளாம். இத்தனை வருஷத்தில் கேட்காதது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புன்சக்கின் முறை.

அவனுக்கு மாமனாரின் சேணம் பிடிக்கவில்லை. "இதென்ன, அடுப்புல வைக்கிற விறகு மாதிரி இருக்கு," என்று கொட்டகையில் எறிந்துவிட்டான். தலைநகரத்தில் மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு சேணத்தை வாங்கி வந்தான். வெள்ளிக் குமிழ், செதுக்கு வேலை, சிவப்பு மெத்தை. பார்க்கக் கண் கூசும். அது அந்தக் கடையின் சுவரில் மாட்டி வைப்பதற்காகச் செய்தது. எந்தக் குதிரையின் முதுகையும் அளந்து செய்யவில்லை. சுவருக்கு முதுகெலும்பு கிடையாதே! அதன் அடியில் கம்பளி விரிப்பைப் போட்டால் குதிரை குண்டாகத் தெரிகிறதாம். அதனால் தன் கடையிலிருந்த கார் சீட்டு உறை ஒன்றை விரித்தான். பளபளவென்று கறுப்பு ரெக்சின்.

"ஏங்க, அது வேத்துக் கொட்டுங்க. தோல் வெந்து போயிடும்," என்றாள் செவெல்மா.

"எனக்கே சொல்லித் தரியா?"

"சொல்லித் தரல. எங்கப்பா எப்படிப் போடுவாருன்னு சொன்னேன்."

"உங்கப்பா காலம் வேற. இப்ப எல்லாம் மாடர்ன்."

மாடர்ன்! கடைத்தெருவில் அந்தச் சேணத்தில் அவன் போனதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வாரை மூச்சுமுட்ட இறுக்கி, கடிவாளத்தை வண்டி ஸ்டீயரிங் மாதிரி இழுத்துப் பிடித்து, குலுங்கும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மொத்து மொத்தென்று விழுந்துகொண்டு போனான். தெரிந்தவன் எதிரே வந்தால் குதிரையைச் சுழற்றி நிறுத்துவான். தெரியாதவன் வந்தால் இரண்டு முறை சுழற்றுவான். கடை வாசலில் வெயிலில் கட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான். வேர்த்து நுரை தள்ளி நிற்கும் பிராணிக்கு வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீரை நீட்டுவான். "பாருய்யா, எப்படிக் குடிக்குது! என்மேல எவ்வளவு பாசம்!" அதற்கு மேல் பிஸ்கட், மிட்டாய், ஒரு தடவை உருளைக்கிழங்கு வறுவல். போட்டோ எடுக்கக் கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டான். குதிரை தலையைக் குலுக்கி அதைக் கீழே தள்ளி, மேலே ஒரு மிதியும் மிதித்தது. அந்தப் பக்கத்தில் மானம் உள்ள ஒரே ஜீவன் அதுதான்.

அவனுக்கு ஒரு கனவு இருந்தது. கோடைத் திருவிழாவான நாதமின் தொடக்க ஊர்வலத்தில், சந்தைக் கடைக்காரர் சங்கத்தின் கொடியைப் பிடித்துக்கொண்டு குதிரைமேல் முதல் ஆளாகப் போவது. சங்கத்தில் குதிரை உள்ளவன் அவன் ஒருவன்தான். ஊர் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலையில் முதுகைத் தடவின செவெல்மாவின் கை நின்றது. தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னால், வெள்ளிக் குமிழ் அழுத்துகிற இடத்தில், ஈரம். குதிரை முதுகைக் கீழே வளைத்து விலகியது. கையைப் பார்த்தாள். கறுப்பு. மூக்கில் வைத்தாள். பூட்ஸ் பாலிஷ்.

புண் வந்து சில நாட்கள் ஆகியிருக்கின்றன. விடியற்காலைகளில் மழை பெய்ததில் அவள் சவாரியும் முதுகைத் தடவுவதும் நின்றுபோயிருந்த நாட்கள். அவன் அதைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, மருந்து போடாமல், சேணத்தை நிறுத்தாமல், குதிரையின் நிறத்துக்கு ஏற்றாற்போல் பாலிஷ் பூசியிருக்கிறான்! முதலில் பழுப்பு பூசினானாம், அது தீர்ந்து போகவே கறுப்பு.

கண்ணுகளா, முட்டாள்தனத்தை நான் மன்னித்துவிடுவேன். நம் எல்லோரிடமும் ஒரு மூட்டை இருக்கிறது. ஆனால் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

செவெல்மா அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பவில்லை. போர்வையை உருவினாள்.

"இது என்ன?" என்று கையைக் காட்டினாள்.

"ஒண்ணுமில்ல. ஈ மொய்க்குது. ஈ வராம இருக்க—"

"உங்க முழங்கால் தேஞ்சா பாலிஷ் போடுவீங்களா?"

"கத்தாதே. உங்கண்ணன் காதுக்குப் போனா குதிரை போயிடும். போனா யாருக்கு நஷ்டம்? உனக்குத்தான்!"

அவன் வாழ்க்கையில் குதிரையைப் பற்றிச் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை. செவெல்மா வாயை மூடிக்கொண்டாள். அவள் மூடியிருக்கக் கூடாது. அண்ணனுக்கு அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆற்றங்கரையை நினைத்தாள், அந்தக் காதுகளை நினைத்தாள். ஆறிவிடும் என்று நினைத்தாள்.

"ஊர்வலத்துக்கு ஏறக் கூடாது. வேணும்னா கயித்தப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போங்க. கொடியையும் பிடிங்க. ஆனா ஏறக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சரி சரி."

"சரி இல்ல. சத்தியம்."

சத்தியம் செய்தான். அவள் தினமும் உப்புத் தண்ணீரில் கழுவி, ஈ அண்டாமல் காவல் இருந்து, சேணம் படாமல் பார்த்துக்கொண்டாள். திருவிழா வருவதற்குள் புண் பொருக்குத் தட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் ஆறியிருக்கும்.

திருவிழாவன்று காலையில் பெண்கள் எல்லாம் லாரியில் முன்னால் போய்விட்டார்கள். பட்டணத்துக்கு வெளியே, வெட்டவெளியில், கூடாரங்கள் எழும்பியிருந்தன. யாதமும் வந்திருந்தான். தன் கூடாரத்து வாசலில் குதிரைகளைக் கட்டும் கயிறு இழுத்து, உள்ளே புளித்த குதிரைப்பால், அதுதான் நம் ஐராக், ஒரு பெரிய தோல்பை நிறைய வைத்திருந்தான். செவெல்மா அங்கே உட்கார்ந்து, கறி அடைத்த கூஷூரை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். மேளம் கேட்டது. ஊர்வலம் வந்தது. தலை நிமிர்ந்து பார்த்தாள்.

புன்சக் குதிரைமேல் இருந்தான்.

வெள்ளிச் சேணம், கார் சீட்டு உறை, புது நீலப் பட்டு அங்கி, கையில் கொடி. சத்தியம் எங்கே போயிற்று என்றால், மற்றவர்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒரு மங்கோலியன் குதிரையை நடத்திக் கூட்டிப் போனால் எப்படி இருக்கும் என்று கடைசி நிமிஷத்தில் யோசித்தானாம். அவ்வளவுதான், ஏறிவிட்டான்.

ஊர்வலம் முடிந்தது. இனிமேல்தான் அவனுக்குச் சங்கடம். மச்சானின் கூடாரத்துக்கு வராமல் போனால் அவமரியாதை. வந்து இறங்கினாலோ, வீட்டுக்காரன் முதலில் செய்கிற மரியாதை என்ன? விருந்தாளியின் குதிரைக்கு வாரைத் தளர்த்தி, சேணத்தை இறக்கி, முதுகுக்குக் காற்றுக் காட்டுவது. யாதம் மாதிரி ஆள் அதைச் செய்யாமல் விடுவானா? ஆகவே புன்சக் ஒரு முடிவுக்கு வந்தான். வருவது, ஆனால் இறங்குவதில்லை.

"வாங்க மாப்ளே. இறங்குங்க, உள்ள வாங்க," என்றான் யாதம்.

"இல்ல மச்சான், இப்படியே இருக்கேன். மேல காத்து நல்லா வருது."

"காத்து கீழயும் வருது மாப்ளே."

"மல்யுத்தம் பாக்கணும். இங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்."

"சரி, குதிரையாவது மூச்சு விடட்டும்." யாதம் வாரை நோக்கிக் கை நீட்டினான். புன்சக் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்துக் குதிரையைப் பின்வாங்க வைத்தான்.

"வேண்டாம் மச்சான்! இப்பத்தான் சரியா இறுக்கினேன்."

யாதம் நீட்டிய கையை மெதுவாகக் கீழே விட்டான்.

மல்யுத்தத்தில் முதல் சுற்று முடிந்தது. புன்சக் இறங்கவில்லை. கூஷூரை எட்டி வாங்கி மேலேயே தின்றான். எண்ணெய் அவனுடைய பட்டு அங்கியில் வழிந்தது. இரண்டாவது சுற்று முடிந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. மற்றவர்களின் குதிரைகள் எல்லாம் வார் தளர்ந்து, ஒன்றின் நிழலில் ஒன்று நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தன. பழுப்புக் குதிரை மட்டும் வெயிலில், அந்த எடையைச் சுமந்துகொண்டு நின்றது.

பக்கத்துக் கூடாரத்துக் கிழட்டு மல்லன் ஒருவன் குரல் கொடுத்தான். "யாதம், உன் மாப்ளே டயர் ஒட்டுற பசையத் தப்பா சேணத்துல தடவிட்டாராடா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நம்ம ரத்தம் அப்படி!" என்றான் புன்சக், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "காலையில ஏறினா சாயங்காலம்தான் இறக்கம். செங்கிஸ்கான் படை அப்படித்தான்."

"செங்கிஸ்கான் படையில ஆளுக்கு நாலஞ்சு குதிரை இருந்துச்சு தம்பி. மாத்தி மாத்தி ஏறினாங்க," என்றான் மல்லன்.

கூடாரத்து வாசலில் அடுப்படியிலிருந்து செவெல்மா குதிரையின் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் பின்னால் படிந்திருந்தன. வாலை ஓயாமல் அடித்தது. ஆனால் பின்பக்கத்தில் ஈ இல்லை. முதுகு கீழே குழிந்திருந்தது. சீட்டு உறையின் ஓரத்தில் ஏதோ மெல்ல ஊர்ந்து இறங்கியது. கறுப்பாக ஒரு கோடு. இன்று காலையிலும் பூசியிருக்கிறான். கோட்டின் நுனி வயிற்றுப் பக்கம் வந்தபோது அது கறுப்பாக மட்டும் இல்லை.

இப்போது அவள் வாயைத் திறந்தால் அண்ணன் கயிற்றைப் பிடித்துவிடுவான். விடியற்காலை இல்லை, ஆறு இல்லை. வேலிக்குள் அவளும் பக்கத்து வீட்டுப் பசுவும்தான். வாயைத் திறக்காவிட்டால் குதிரை அவளுடையதாகவே இருக்கும், இந்த முதுகோடு.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். இருந்ததில் பெரிய கிண்ணத்தை எடுத்து விளிம்பு தளும்ப ஐராக்கை ஊற்றினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் போய், குதிரையின் பக்கத்தில் நின்று மேலே நீட்டினாள்.

"கொடி பிடிச்ச கைக்கு!" என்றாள் சத்தமாக.

நிறைகிண்ணத்தோடு வாழ்த்துச் சொல்லி நீட்டினால் நம்மில் எவனும் மறுக்க முடியாது. புன்சக் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தான். மனைவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

அடுத்த கிண்ணம். "எங்கப்பா பேருக்கு!"

குடித்தான்.

"அண்ணன் குதிரைக்கூட்டம் பெருகட்டும்!"

குடித்தான். "போதும் செவெல்மா."

"பிள்ளைங்க பேருக்கு வேண்டாமா?"

பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு கிண்ணம். யாதம் தங்கையின் முகத்தைப் பார்த்தான். பிறகு தானே தோல்பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். ஏன் என்று கேட்கவில்லை. கிழட்டு மல்லனும் எழுந்து வந்து, "என் சார்பா ஒண்ணு!" என்றான். பக்கத்துக் கூடாரத்துப் பெண்களும் வந்தார்கள். ஊர் சந்தோஷமாக இருந்தது.

புளித்த குதிரைப்பால் குடித்துப் பழகாத வயிற்றில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புன்சக் வருஷம் முழுக்கப் பாட்டில் சோடா குடிக்கிறவன். முதலில் சிரிப்பு நின்றது. பிறகு பேச்சு நின்றது. அங்கவடியில் காலை மாற்றி மாற்றி ஊன்றினான். முகம் அவன் அங்கியின் நிறத்துக்கு வந்தது.

"மாப்ளே, ஏதாவது பண்ணுதா?" என்றான் யாதம், கனிவாக.

"இல்... ல."

"காத்து வருதா?"

புன்சக் கொடியை எறிந்தான். வெள்ளிச் சேணத்திலிருந்து மூட்டை சரிகிற மாதிரி சரிந்து, தரையில் உருண்டு, எழுந்து, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். நம் வெளியில் ஒளிவதற்கு ஒரு புதராவது உண்டா? கண்ணுக்கு எட்டின தூரத்தில் நின்ற லாரிகள் வரை ஓடினான். மல்லன் சொன்னான்: "இப்பத்தான்டா ரத்தம் ஓடுது!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செவெல்மா வாரை அவிழ்த்துவிட்டாள்.

"அண்ணா, இங்க வா. பாரு."

சேணத்தைத் தூக்கினாள். ரெக்சின் உறை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு, மெல்ல மெல்ல உரித்தாள். குதிரையின் தோல் கழுத்திலிருந்து வால் வரைக்கும் நடுங்கியது. ஆனால் அவள் கை என்று தெரிந்ததால் நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

யாதம் நெடுநேரம் பார்த்தான். "எத்தன நாளா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல. எனக்குத் தெரியும்ணா. குதிரை என்கூடவே இருக்கணும்னு வாய மூடிட்டு இருந்தேன்."

யாதம் தலையை அசைத்தான். திட்டவில்லை. விரலால் புண்ணின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தான்.

புன்சக் வந்து சேர்ந்தான், இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டே. கூட்டத்தையும் முதுகையும் பார்த்தான். மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பான். அவன் புன்சக்.

"அட, இதுவா! சின்னச் சிராய்ப்பு மச்சான். எல்லாக் குதிரைக்கும் வரதுதான். தானா ஆறிடும்."

"மாப்ளே, உங்க கடைக்கு ஒருத்தன் ஓட்டை டயரோட வந்தா, மேல மைய பூசி ஓட்டுன்னு அனுப்புவீங்களா?"

"அது டயர். இது வேற. குதிரையப் பத்தி எனக்குத் தெரியாதா? நம்ம ரத்தத்துல—"

யாதம் தன் விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினான். நுனி சிவந்திருந்தது.

"ரத்தம் இதோ இருக்கு. இது உங்களோடது இல்ல."

அப்புறம் அவன் சொன்னபடியே செய்தான். சண்டை போடவில்லை. கயிற்றைப் பிடித்தான். "உங்களுக்கு வந்தது எலும்பும் தோலும்தான் மாப்ளே. யோகத்தை நான் அன்னைக்கே பிடுங்கி வெச்சுக்கிட்டேன்," என்று இடுப்பைத் தட்டிக் காட்டினான். செவெல்மா குதிரையின் மறுபக்கம் நடந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. தங்கையும் அண்ணனும் நடந்து, நடுவில் ஒன்றும் சுமக்காத குதிரை நடந்து, மேய்ச்சல் நிலத்துப் பக்கம் போனார்கள்.

வெள்ளிச் சேணத்தை ஒருத்தரும் எடுத்துத் தரவில்லை. அதைத் தோளில் போட்டு, கொடியைக் கையில் பிடித்து, எண்ணெய் வழிந்த பட்டு அங்கியோடு, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் நடந்து புன்சக் பட்டணம் போய்ச் சேர்ந்தான். தூக்கிப் பார்த்தபோதுதான் அந்தச் சேணம் எவ்வளவு கனம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

செவெல்மா சில வாரம் அங்கேயே தங்கிக் காயத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அதன் பிறகு, மேய்ச்சல் பக்கம் போகிற லாரி எது கிடைத்தாலும் ஏறிப் போய்விடுவாள். இலையுதிர் காலத்தில் புண் முழுக்க ஆறிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் பழுப்பு மயிர் திரும்ப முளைக்கவில்லை, வெள்ளை முளைத்தது. உள்ளங்கை அகலத்தில், பனி விழுந்த மாதிரி. சேணம் ஆழமாகக் கடித்த இடத்தில் அப்படித்தான், ஆயுசுக்கும் மாறாது.

நாம் குதிரையை நிறத்தையும் அடையாளத்தையும் வைத்துத்தான் கூப்பிடுகிறோம். அதுவரை வெறும் பழுப்பாக இருந்தது. இப்போது மேய்ப்பர்கள் எல்லாம் அதைப் 'புன்சக்கின் வெள்ளை' என்கிறார்கள். குழந்தைகளுக்குச் சேணம் போடப் பழக்கும்போது, "விரிப்ப ஒழுங்கா மடி. இல்லேன்னா புன்சக்கின் வெள்ளை வந்துடும்," என்கிறார்கள்.

இது அவன் காதுக்கும் போயிற்று. என்ன செய்தான் என்கிறீர்கள்? பூரித்துப் போனான்! டயர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம், "மேய்ச்சல் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க, என் பேர்லயே ஒரு குதிரை இருக்கு. பொறக்கும்போதே முதுகுல வெள்ளை மச்சம். உயர்ந்த ஜாதிக்கு அதுதான் அடையாளம்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

முதல் பனிக்கு முன்னால் ஒருநாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு அங்கே போனான். செவெல்மா அப்பாவின் பழைய சேணத்தோடு குதிரையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முதுகை உள்ளங்கையால் தடவினாள். வெள்ளையின் மேல் கை கொஞ்ச நேரம் நின்றது. குதிரை விலகவில்லை. கம்பளி விரிப்பைத் தட்டி, மடிப்பில்லாமல் போட்டு, சேணத்தை வைத்து, வாரைக் கட்டி, நாலடி நடத்தி, மறுபடி பார்த்து, ஏறினாள்.

புன்சக் ஜீப்பின் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"ஏய் செவெல்மா! கால இன்னும் கொஞ்சம் முன்னால வை! கடிவாளத்த இழுத்துப் பிடி! எனக்குத் தெரியும், சொல்றதக் கேளு!"

குதிரையின் ஒரு காது அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. பிறகு, அதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்து, முன்னால் திரும்பிக்கொண்டது.